நாற்பத்து மூன்று புருஷன் பேர்

1961 ஜனவரி 8, ஞாயிறு

ஆவூர் பெரிய கோயிலில் பூசை பார்த்துவிட்டு வந்து, அடுப்பு வேலை முடித்து உட்கார்ந்தேன். பஞ்சாயத்துத் தலைவர் என்பதால் இலுப்பூர் ஜவுளிக் கடைக்காரர் என் வீட்டுக்காரருக்கு இந்த டைரியைக் கொடுத்தாராம். "எனக்கெதுக்கு? நீதான் எட்டாப்புப் படிச்சவ, வச்சுக்க" என்று என்னிடம் நீட்டிவிட்டார்.

முதல் பக்கத்தில் அச்சடித்த கோடுகள். பெயர்: வியாகுலமேரி. வயது: முப்பத்தாறு. ஊர்: ஆவூருக்கு மேற்கே எங்கள் பட்டி. அடுத்த கோடு, கணவர் பெயர். அதைச் சும்மா விட்டுவிட்டேன். எழுதுவதும் சொல்லுவதும் ஒன்றுதானே? என்னால் அவர் ஆயுசு குறைய வேண்டாம்.

ஜனவரி 11

தலைவராகி ஐந்து மாதம் ஆகிறது. இன்றும் என்னை "இந்தா" என்றுதான் கூப்பிடுகிறார். தலைவர் பெண்டாட்டிக்கும் அதே பேர்தான் போலிருக்கிறது.

ஜனவரி 19

நம் ஊருக்கு பஸ் வரப் போகிறது! மத்தியானம் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்து சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போன வருஷம் பிரசவ வலியில் இருந்த பெண்ணை மாட்டு வண்டியில் போட்டுப் புதுக்கோட்டைக்குக் கொண்டு போனோமே. இனி அந்தப் பாடு இல்லை. இவர் அலைந்த அலைச்சல்தான் பஸ்ஸைக் கொண்டுவருகிறது. மோர் கரைத்துக் கொடுத்தேன்.

"பஸ் எங்கிட்டு நிக்கும்?" என்று கேட்டேன்.

"நடு ஊருலதான். ஊருணிய மண்ணடிச்சுத் தூத்துட்டா எடம் தாராளம். பஸ்ஸு வந்து நின்னு திரும்பிப் போவலாம். எல்லா மெம்பரும் கையெழுத்துப் போட்டாச்சு."

ஊருணியையா?

"குடிதண்ணிக்கு?"

"பள்ளிக்கூடத்துக் கிணத்துல பம்பு வச்சுத் தாரோம்."

மோர்ச் செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அதற்குமேல் ஏதாவது பேசினால் கத்திவிடுவேன் என்று தெரிந்தது.

ஜனவரி 20

நேற்றிலிருந்து மனசு ஆறவில்லை. எழுதியாவது தீர்க்கிறேன்.

இந்த ஊரில் எட்டுக் கிணறு. எட்டும் உப்பு. துணி வெளுக்கும், மாடு குடிக்கும், அவ்வளவுதான். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. ஊருணித் தண்ணீர் ஒன்றுதான் குடிக்க, சமைக்க. அதில் யாரும் செருப்போடு இறங்குவதில்லை, கால் கழுவுவதில்லை. கைக்குழந்தை எச்சில் துப்பினால்கூடத் தாய்க்காரிக்கு ஏச்சு விழும். ஆவூர்க் கோயிலுக்குப் போகிற வேதக்காரர்களும் சாமி கும்பிடுகிற இந்துக்களும் ஒரே படியில் நின்றுதான் குடம் முக்குகிறோம்.

கையெழுத்துப் போட்ட மெம்பர்களில் ஒருவராவது ஒருநாளாவது இடுப்பில் குடம் வைத்திருப்பாரா?

மேற்குத் தரிசு சும்மாதானே கிடக்கிறது, அங்கே நிறுத்தலாமே என்றேன். "ஊருக்கு வெளிய பஸ்ஸ நிறுத்துனா பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான். நடு ஊருல நிக்கிறதுதான் கெவுரவம்" என்கிறார்.

கெவுரவத்தை ஊற்றி உலை வைக்கட்டுமா?

ஜனவரி 27

பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஊருணியைத் தூர்ப்பதில் ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளைக்குள் தாசில்தாருக்கு மனுச் செய்யலாமாம். கீழே அவர் கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்கு எதிராகத்தான் நான் எழுத வேண்டுமா? இரண்டு தடவை படித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 3

எழுதிவிட்டேன்.

ஊருணிப் படியில்தான் எல்லாரும் கூடினோம். மனு எழுதப் போகிறேன் என்றதும் வேளாங்கண்ணி அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "தலைவரு பொண்டாட்டி நீயே எழுதுறியா? அப்ப எம்பேரத்தான் மொதல்ல போடணும்" என்றாள். முதல் பேர் என்னுடையதாக இருக்கட்டும், வசவு வந்தால் எனக்கு வரட்டும் என்றேன். அக்கா இரண்டாவது. மொத்தம் நாற்பத்து மூன்று பேர்.

பேருக்கு நேரே இன்னார் மனைவி என்று போட வேண்டும். அங்கேதான் தகராறு. யார் வாயைத் திறப்பார்கள்? ஆம்பிளைகளை அண்ணன், மாமன் என்று முறை சொல்லியே கூப்பிட்டுப் பழகியதால் பாதிப் பேர் எனக்கும் தெரியாது. ஒவ்வொருத்தியும் ஜாடை காட்ட, நான் கண்டுபிடித்து எழுத, படியெல்லாம் ஒரே சிரிப்பு. ஒருத்தி "அம்பு பட்டவரு" என்றாள். கோயில் சுரூபத்தில் அம்பு தைத்து நிற்கும் அர்ச்சியசிஷ்டவர் செபஸ்தியான்தானே என்று சட்டென்று எழுதினேன். வேளாங்கண்ணி அக்கா வெட்கத்தோடு கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். கழுத்தில் மாதா படம் தைத்த உத்திரியம் தொங்கியது. உத்திரியம் என்று எழுதிக்கொண்டேன். அவள் புருஷன் கொழும்பிலிருந்து வந்தவர், ஊரே "கொழும்பார்" என்றுதான் கூப்பிடும். ஞானஸ்நானப் பேர் எனக்கும் தெரியாது. அழகம்மாள் "பழனியில நிக்கிறவரு" என்றாள். பழனிச்சாமி என்று போட்டேன்.

என் முறை வந்தபோது, "வியாகுலமேரி, பஞ்சாயத்துத் தலைவர் அவர்கள் மனைவி" என்று எழுதினேன். மரியாதையாகவும் இருக்கிறது, பேரும் சொல்லவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிப்ரவரி 6

மனு தபாலில் போய்விட்டது. போன பிறகுதான் அவரிடம் சொன்னேன். சாப்பாட்டில் கை வைத்தவர் எழுந்து போய்விட்டார்.

பிப்ரவரி 15, விபூதிப் புதன்

தபசு காலம் தொடங்கிவிட்டது. கறி கிடையாது, தினம் பருப்புதான். இன்றைக்குப் பள்ளிக்கூடத்துக் கிணற்றுத் தண்ணீரில் வேகவைத்தேன். அரைநாள் கொதித்தும் அப்படியே கிடந்தது.

"என்ன இது, கல்லாட்டம் இருக்கு?"

"நீங்க பம்பு வச்சுத் தரப் போற தண்ணிங்க. பழகிக்கங்க."

கடைசிப் பருக்கை வரை மென்று முழுங்கினார். பிடிவாதத்தில் எனக்குச் சற்றும் குறைந்தவரில்லை.

மார்ச் 4

மனு தள்ளுபடி.

பஞ்சாயத்துக் குமாஸ்தா ரெங்கராஜ் ஆபீஸ் வாசலில் நின்று பத்துப் பேர் கேட்கப் படித்தாராம். வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டதில் பத்தொன்பது கணவர் பெயர்கள் பொருந்தவில்லையாம். அப்படிப்பட்ட ஆட்களே ஊரில் இல்லையாம். மனுவே பொய் மனு என்று சந்தேகமாம்.

கொழும்பார் பேர் ஜெபமாலை. கழுத்தில் உத்திரியமும் ஜெபமாலையும் சேர்ந்து கிடக்க, நான் தப்பானதைப் பார்த்திருக்கிறேன்! அழகம்மாள் புருஷன் பேர் மலையாண்டி. பழனி மலையில் நிற்பவர் மலையாண்டிதானே. எனக்கு ஏன் புத்தி போகவில்லை? எட்டாவது படித்த திமிர். கேட்டு எழுதியிருக்க வேண்டும், ஊகித்து எழுதிவிட்டேன். நாற்பத்திரண்டு பெண்களைப் பொய்க்காரிகளாக்கிவிட்டேன்.

அவர் வந்ததும் சொன்னது: "எம்பேரு 'பஞ்சாயத்துத் தலைவர்'னு எழுதுனியாமே? அப்புடி ஒரு ஆளே பட்டியல்ல இல்லியாம்." சிரிக்கத்தான் செய்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மார்ச் 6

அழுதது போதும். தாசில்தாருக்கு இன்னொரு கடிதம் போட்டேன். "பேர்கள் பிழையானது என் குற்றம், பெண்கள் பொய் சொல்லவில்லை. புருஷன் பேரை வாயால் சொல்லாதது எங்கள் வழக்கம். தாங்கள் ஊருக்கு வந்து விசாரித்தால் ஒவ்வொருவரும் நேரில் நிற்போம்." அவ்வளவுதான் எழுதினேன்.

மார்ச் 14

தாசில்தார் 21-ம் தேதி வருகிறார்! ஆனால் உத்தரவில் ஒரு வரி: மனுதாரர்கள் தத்தம் கணவர் பெயரை நேரில் கூற வேண்டும்.

வேளாங்கண்ணி அக்கா கேட்டுவிட்டு, "தலைய எடுன்னு சொல்லியிருந்தாக்கூடச் சரின்னுருப்பேன்" என்றாள்.

மார்ச் 20

நாளைக்கு. சொல்ல முடியுமா என்னால்? கோயிலில் கல்யாண மந்திரிப்பின்போதுகூட நான் சொன்னதில்லை. அவர் பேரைப் பங்குச் சாமியார்தான் சொல்லிக் கேட்டார், நான் "சம்மதம்" என்றேன். பதினெட்டு வருஷம் அந்தச் "சம்மதம்" ஒன்றிலேயே ஓடிவிட்டது.

சொல்லாவிட்டால் ஈஸ்டர் முடிந்து ஊருணியைத் தூர்க்க மண் வண்டி வரும்.

மார்ச் 21

அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை. இருந்தாலும் எழுதியே தீருவேன்.

ஊருணிக் கரை வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் தாசில்தார், பக்கத்தில் பட்டியலோடு ரெங்கராஜ். எதிரே தலைவரும் மெம்பர்களும். சுற்றிலும் ஆம்பிளைகள், வேடிக்கை பார்க்க. நாங்கள் நாற்பத்து மூன்று பேரும் படியில் நின்றோம்.

முதலில் அழகம்மாளைக் கூப்பிட்டார்கள். "கணவர் பேரு?" "பழனியில நிக்கிறவருங்க." "பேரச் சொல்லும்மா." தலையைக் குனிந்துகொண்டாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். ரெங்கராஜ் பேனாவை மூட ஆரம்பித்தார்.

அந்தச் சிரிப்புதான் என்னை முன்னால் தள்ளியது. "தப்பு எம்மேல, முதல் பேரும் என்னோடதுங்க, என்னைய மொதல்ல கேளுங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "கணவர் பேரு?" என்றார் தாசில்தார். நேர் எதிரே மெம்பர்கள் நடுவே அவர். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன். முழுப் பேரையும், ஊருணி அக்கரைக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். (இங்கே எழுத இன்னும் கை வரவில்லை.) அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"இந்தத் தீர்மானத்துல கையெழுத்துப் போட்ட தலைவரா?" என்றார் தாசில்தார்.

"ஆமாங்க. நல்ல மனுசந்தான். தண்ணி தூக்கினதில்ல, அதான் தெரியல."

அதற்குப் பிறகு அடைமழைதான். அழகம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "மலையாண்டி!" என்று கத்தினாள். கூட்டத்துக்குள் இருந்த மலையாண்டி, பழக்கத்தில், "ஏன், இங்கிட்டுத்தானே நிக்கிறேன்" என்று பதில் கொடுத்துவிட்டார். தாசில்தாரே சிரித்துவிட்டார். வேளாங்கண்ணி அக்கா கழுத்திலிருந்து ஜெபமாலையைக் கழற்றி உயர்த்திப் பிடித்து, "இதாங்க, ஜெபமாலை! உத்திரியம் இல்ல!" என்றாள். அப்புறம் ஒவ்வொரு பேராக வந்து விழுந்தது. வேடிக்கை பார்க்க வந்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் தத்தம் பேர் வரும்வரை காத்துக்கொண்டு நின்றார்கள். நாற்பத்து மூன்றும் பட்டியலோடு பொருந்தியது.

இந்த ஊரில் வாக்கப்பட்டதற்கு இன்று பெருமைப்பட்டேன். நெஞ்சு நிறைந்து, வெட்கமில்லாமல் பெருமைப்பட்டேன்.

தாசில்தார் போகும்போது, "மனு செல்லும். ஆனா ஊருணி பஞ்சாயத்தோடது. பஞ்சாயத்தே மறுபடி கூடி முடிவு பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டார். ஆக, முடிவு திரும்பவும் அவர் கையில்தான்.

மார்ச் 22

அவர் ராத்திரி திண்ணையிலேயே படுத்துக்கொண்டார்.

மார்ச் 25

இன்றும் திண்ணைதான். பருப்பை ஊருணித் தண்ணீரில் வேகவைத்தேன். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

மார்ச் 31, பெரிய வெள்ளி

ஆவூரில் வியாகுல மாதா சுரூபத்தைத் தூக்கி வந்தபோது அவர் ஆம்பிளைகள் பக்கத்திலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி ஜெபத்துக்குத் திரும்பிக்கொண்டார். திரும்பி வரும் வழியில், "நீ சொன்னப்ப எம்பேரு வேற யாரோட பேரோ மாதிரி இருந்துச்சு" என்றார்.

"நல்லா இருந்துச்சாங்க, நல்லா இல்லியா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னே போனார். ஆனால் நான் பின்தங்கியபோது நின்று நின்று நடந்தார்.

ஏப்ரல் 10

பஞ்சாயத்துக் கூட்டம். குமாஸ்தா ஊரில் இல்லையாம், தீர்மானத்தைத் தலைவரே தம் கையால் எழுதினாராம். சாயந்திரம் அந்த நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "எழுத்துப் பிழை இருக்கான்னு பாரு."

படித்தேன். "ஊருணியைத் தூர்ப்பது என்ற முந்தைய தீர்மானம் ரத்து செய்யப்படுகிறது. வியாகுலமேறி முதலான நாற்பத்து மூன்று பெண்களின் ஆட்சேபணை நியாயமானது. பஸ் மேற்குத் தரிசில் நின்று திரும்பும்."

வியாகுலமேறி. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக என் பேரை எழுதியிருக்கிறார், எந்த ரகரம் என்று தெரியவில்லை பாவம்.

"பிழை இருக்கா?"

"ஒண்ணுமில்லீங்க. எல்லாம் சரியா இருக்கு."

மே 11

பஸ் வந்துவிட்டது! மேற்குத் தரிசில் ஒரு வட்டம் அடித்துப் புழுதி கிளப்பி நின்றது. மாலையை டிரைவருக்குப் போடவா, பஸ்ஸுக்குப் போடவா என்று தெரியாமல் தலைவர் இரண்டுக்கும் போட்டார். இறங்கினவர்கள் எல்லாரும் தாகம் என்று நேரே ஊருணிக்குத்தான் வந்தார்கள். படியில் செருப்போடு கால் வைக்கப் போன ஒரு டவுன்காரரை மலையாண்டி அதட்டினார். "கழட்டிப்புட்டு எறங்குங்க. நாப்பத்து மூணு பொம்பளைங்க காப்பாத்துன தண்ணி இது."

மே 12

இன்று அவருடைய பேர்கொண்ட அர்ச்சியசிஷ்டவர் திருநாள். காலையில் ஆவூருக்குப் போய்ப் பூசை பார்த்துவிட்டு வந்து பாயசம் வைத்தேன்.

டைரியின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். ஜனவரியில் விட்ட கோடு அப்படியே காலியாகக் கிடந்தது. பேனாவில் மை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன்.

கணவர் பெயர்: பங்கிராஸ்.

மை காய ஊதிவிட்டு எட்டிப் பார்த்தேன். வாசலில் நின்று யாரிடமோ பஸ் நேரம் பற்றி ஊரே கேட்கச் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். ஆயுசுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இந்தா, மேரி, பாயசம் ஆறிப்போவுது" என்கிறார். போக வேண்டும்.