படிக்கட்டில் அரளி

மியூனிக்,
ஜனவரி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகன் தீத்மாரின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? தீவில் கடல் அடங்கிவிட்டதா? நான் சுகம். கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே, இடது கையால் எழுதுகிறேன்.

எனக்குக் கீழ்மாடியில் இருக்கும் கெர்லிண்டே அம்மாள், குளிர்காலம் முடியும்வரை தன் அரளித் தொட்டிகளைப் படிக்கட்டில்தான் வைப்பாள். அதே மாடியில் அவளுக்கு எதிர்வீட்டு ஹோல்கருக்கோ தினமும் படிக்கட்டு ஜன்னலைத் திறந்து காற்று விட்டாக வேண்டும். நேற்று திறந்தவர் மூடவில்லை. உறைபனியில் ஒரு செடி கருகிப்போனது.

“கொலைகாரா! எம் புருஷன் வச்ச செடியக் கொன்னுட்டியேடா!” என்று செடி வெட்டும் கத்தரியோடு பாய்ந்தாள்.

“உன் செடிக்காக நான் மூச்சுமுட்டிச் சாகணுமா?” என்று அவர் தொட்டியை எட்டி உதைத்தார். அது படிகளில் உருண்டு சிதறியது.

“சாவுடா!”

நான் குறுக்கே கை நீட்டினேன். கத்தரி வலது உள்ளங்கையில் இறங்கி மறுபுறம் எட்டிப் பார்த்தது. “ஐயோ, தீத்மார்!” என்று இருவரும் அலறினார்கள். இத்தனை வருடத்தில் என் பெயர் அவர்களுக்குத் தெரியும் என்பதே எனக்கு நேற்றுதான் தெரிந்தது.

தையல் போட்டாயிற்று. நீ பின்னும் கம்பளிக் கையுறையில் இந்த முறை இடது கைக்கு மட்டும் அனுப்பினால் போதும்.

கீழே ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்கிறது, அம்மா. தொட்டி இன்னும் இரண்டு மிச்சம் இருக்கிறது. ஓடுகிறேன்.

உன்,
தீத்மார்