வேலியோரத்து லூமாக் கட்டை

அன்பு எர்மினியாவுக்கு,

நீயும் குழந்தைகளும் சுகம்தானே? அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? விறகு பிளக்க வந்த இந்த இடத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை, இரண்டு வேளையும் ஆட்டுக்கறி.

ஒரு சின்ன விஷயம். வேறு யாராவது சொல்லி நீ பதறிவிடக் கூடாது. போன மாதம் முறுக்கு விழுந்த ஒரு லெங்கா மரத்துண்டு பிளக்காமல் அடம் பிடித்தது. நம் தீவில் ஆப்பை லூமா மரக் கொட்டாப்புளியால்தானே அடிப்போம்? இங்கே இரும்புச் சம்மட்டி. நான் பழக்கதோஷத்தில் ஆப்பின் மேல் குனிந்தே அடித்தேன். ஆப்பின் தலையிலிருந்து ஓர் இரும்புச் சில்லு தெறித்து வலது கண்ணில் இறங்கிவிட்டது. இப்போது வலி இல்லை, பார்வையும் இல்லை, அவ்வளவுதான்.

சமையல்காரர் ஒனோஃப்ரே சிரிக்கிறார்: "ரெண்டு கண்ணு இருந்தப்பவே நீ நேரா அடிச்சதில்ல. இனிமே குறி தப்பாதுடா தீவுக்காரா!"

தப்புகிறது. நேற்றும் முயன்றேன். கோடரி கட்டைக்கு ஒரு சாண் முன்னால் மண்ணில் இறங்குகிறது. மேஸ்திரி என்னை உருளைக்கிழங்கு உரிக்க உட்கார வைத்துவிட்டார்.

இனிமேல் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுது. கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. குழந்தைகளிடம் கண்ணைப் பற்றிச் சொல்லாதே. தபால்காரர் குதிரையில் ஏறிவிட்டார், முடிக்கிறேன்.

மறந்துவிட்டேன். வேலியோரம் ஒரு லூமாக் கட்டை கிடக்கிறதே, நான் வந்துதான் பிளப்பேன், யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேனே, அதை உன் தம்பியே பிளந்து அடுப்பில் வைக்கட்டும்.

பெலார்மினோ