ராசி கெட்டவனின் நாற்காலி

டிசம்பர் 13, ஞாயிறு

ஜார்ஜஸ் புயல் எங்கள் தகரக் கூரைகளைப் பிடுங்கிக்கொண்டு போன வருஷம் இது. எங்கள் தீவின் இந்தக் கடற்கரையில் ஷூ துடைத்துத் திரிந்த பையன் ஒருவன் வடக்கே அமெரிக்காவில் பந்தை வேலிக்கு வெளியே அடித்து அடித்து, பேஸ்பால் தெரியாதவர்கள்கூட அவன் பெயரைச் சொன்னதும் இதே வருஷம்தான். கரும்பாலையை அரசாங்கம் விற்கப்போகிறது என்று பேசுகிறார்கள். விற்கட்டும். என் கவலை அது இல்லை.

புயலில் என் ரேடியோ போயிற்று. அரசாங்கம் பாதிக் கூரைக்குத் தகரம் கொடுத்தது. ரேடியோவுக்கு யார் கொடுப்பார்கள்?

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. செத்துப்போன என் அண்ணனின் மனைவி ஹெனோவேவா எழுதுகிறார், நான் சொல்கிறேன். எவாரிஸ்தோவின் மளிகைக் கடையில் நேற்று நடந்ததை இன்றைக்கே மாற்றிப் பேசுகிறார்கள். என்னிடம் மட்டும் மாற்ற முடியாது, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆனால் என் ஞாபகத்தை யார் மதிக்கிறார்கள்? தாளில் இருந்தால் மதிப்பார்கள்.

எங்கள் ஊர் அணி கூழைக்கடாக்கள். முதல் நான்கு அணிகள்தான் அடுத்த சுற்றுக்குப் போகும். நாங்கள் ஐந்தாவது. எங்களுக்கு ஒரே ஒரு ஆட்டம் மேலே, நாலாவது இடத்தில், தீவின் வடக்குக்காரர்களின் அணி, சேவல்கள். இன்னும் இரண்டே வாரம். கோப்பை கடைசியாக இங்கே வந்தது அறுபத்து நாலில், அமெரிக்கப் பட்டாளம் இறங்குவதற்கு முந்தின வருஷம்.

இன்று ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவது வரை முன்னால் இருந்தோம். கூரையில் ஆணி அடித்துவிட்டு நான் அப்போதுதான் ரேடியோவில் ஆட்டம் கேட்கக் கடைக்குப் போனேன். என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அடுத்த மூன்று பந்தில் எல்லாம் போயிற்று. முடிதிருத்தும் சீக்ஸ்தோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா பாக்கற?"

"ஒண்ணுமில்ல. சும்மா பாத்தேன்."

சும்மா பார்க்கிற பார்வை இல்லை அது.

டிசம்பர் 15, செவ்வாய்

தோல்வி. சீக்ஸ்தோ வாயைத் திறந்துவிட்டான்.

"இவன் போன வெள்ளிக்கிழமை வந்தான், தோத்தோம். ஞாயித்துக்கிழமை வந்தான், தோத்தோம். இன்னைக்கும் வந்திருக்கான். நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே கூட்டிப் பாத்துக்குங்க."

"போன வெள்ளிக்கிழமை நாம ஜெயிச்சோம்டா. ஒன்பதாவதுல அந்த நெட்டையன் இடது பக்கம் அடிச்சான். நீ அப்ப ஒருத்தன் தலைய பாதி வெட்டிட்டு ஓடி வந்த. அந்த ஆளு துண்டு போத்திக்கிட்டே வந்து வாசல்ல நின்னு கேட்டான்."

அந்த ஆள் அங்கேதான் இருந்தான். அவனே சொன்னான்: "அது வேற வெள்ளிக்கிழமை, தாத்தா."

வேறு வெள்ளிக்கிழமையாம். நான் ஒரு சொல் சொன்னேன். அண்ணி எழுத மறுத்துவிட்டார். சபைக்குப் போகிறவர்.

டிசம்பர் 16

பல்வலி. போகவில்லை. ஜெயித்துவிட்டார்கள். என் தலையெழுத்து.

டிசம்பர் 17, வியாழன்

கடைக்குப் போனால் கதவுக்குப் பின்னால் துடைப்பத்தைத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறார்கள். வேண்டாத விருந்தாளியைக் கிளப்ப எங்கள் பக்கத்துப் பெண்கள் செய்கிற வேலை. என் நாற்காலியைக் கவிழ்த்து அரிசி மூட்டை மேல் போட்டிருந்தார்கள்.

எவாரிஸ்தோ சலாமி இறைச்சி நறுக்கிக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

"எவாரிஸ்தோ, என் நாற்காலி எங்க?"

"தொரிபியோ, கோவிச்சுக்காத. சீசன் முடியிற வரைக்கும்தான். பத்தே நாள்."

"யாரு சொன்னது?"

"எல்லாரும்தான்."

சீக்ஸ்தோ உள்ளேயிருந்து கத்தினான்: "அவன்கிட்ட பேச்சு குடுக்காதய்யா! ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது!"

அந்தக் கடைக்கு முதல் அலமாரி அடித்தவன் நான். கார் பேட்டரியில் கம்பி இழுத்து, கரண்டு போனாலும் ரேடியோ பாட வைத்தவன் நான். ஊரில் கரண்டு போகாத நாள் எது? நான் இல்லாவிட்டால் இவர்கள் பாதி ஆட்டத்தை இருட்டில் ஊகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அண்ணி சொல்கிறார்: "ஆண்டவருக்கு வேற வேலை இல்லையா தம்பி, நீங்க எந்த நாற்காலில உக்காரறீங்கன்னு பாத்துக்கிட்டிருக்க?"

அதைச் சீக்ஸ்தோவிடம் போய்ச் சொல்லச் சொன்னேன். போய்ச் சொல்லியிருக்கிறார்! "உங்க ஆண்டவர் எந்த டீமு?" என்று கேட்டானாம்.

டிசம்பர் 19, சனி

தெருவுக்கு எதிர்ப்பக்கம் பாதாம் மரத்தடியில் போய் நின்றேன். தெரு எவாரிஸ்தோவின் சொத்து இல்லையே. எட்டாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் பேஸில், சமநிலை. காதைக் கையால் குவித்துக்கொண்டு நின்றேன். கடைக்குள் ஒரே அமைதி. அந்த அமைதி எனக்குத் தெரியும். எங்கள் ஆள் மட்டையோடு நிற்கிறான், மூன்று பந்து தப்பு, இரண்டு பந்து சரி, இன்னும் ஒன்றுதான். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் பிடித்தேன்.

பிறகு ஒரு "ஹா..." கேட்டது. மட்டையைச் சுழற்றிப் பந்தைத் தவறவிட்டான்.

சீக்ஸ்தோ தண்ணீர் துப்ப வெளியே வந்தவன் என்னைப் பார்த்துவிட்டான். துடைப்பத்தோடு ஓடி வந்தான்.

"இங்கயா நிக்கற! அடப் பாவி! உன் நிழல் கடைக்குள்ள விழுதுடா!"

"மேகமா இருக்கு. நிழல் எங்கடா இருக்கு?"

"அதான் சொல்றேன், நிழலே இல்லாம விழுது!"

தோற்றோம். இனி மாதா கோயில் மூலையைத் தாண்டிக் கடைப் பக்கம் நான் வரக் கூடாதாம். பதினோராவது வயதில் கரும்பு வெட்டப் போனவன் நான், எத்தனையோ முதலாளிகளைப் பார்த்தவன். எவனும் எனக்கு இப்படிக் கோடு போட்டது இல்லை.

டிசம்பர் 20

தோல்வி. நான் வீட்டில்தான் இருந்தேன். எழுதுங்கள் அண்ணி, பெரிதாக எழுதுங்கள்: நான் வீட்டில்தான் இருந்தேன்.

டிசம்பர் 21

முடிவெட்டிக்கொள்கிற சாக்கில் சீக்ஸ்தோவிடம் போய்க் கேட்டேன். நேற்று நான் வீட்டில்தானே இருந்தேன், இப்போது என்ன சொல்கிறாய்?

கத்திரியை நிறுத்தினான். நிஜமாகவே யோசித்தான். அதுதான் எனக்கு எரிச்சல். கேலிக்குச் சொல்கிறான் என்றால் நானும் சிரித்துவிட்டுப் போவேன். அவன் நம்புகிறான்.

"வீட்ல இருந்து நெனச்சியா?"

"நெனைக்காம எப்படிடா இருக்க முடியும்?"

"அப்ப சரி. நெனைக்காத."

டிசம்பர் 24

எவாரிஸ்தோ மனைவி ஒரு தட்டு நிறையப் பன்றி வறுவலும் பட்டாணிச் சோறும் அனுப்பியிருந்தாள். சாப்பிட்டேன். வறுவல் நன்றாகத்தான் இருந்தது. கோபத்தில் தட்டைத் திருப்பி அனுப்பவில்லை. திருப்பி அனுப்பினால் அதற்கும் ஏதாவது ராசி சொல்வார்கள்.

டிசம்பர் 27, ஞாயிறு

கடைசி நாள். கூழைக்கடாக்கள் ஜெயித்தன, சேவல்கள் தோற்றன. இரண்டு அணியும் சமம். நாலாவது இடத்துக்கு நாளைக்கு ஒரே ஒரு ஆட்டம்.

எவாரிஸ்தோ வீடு தேடி வந்தான். திரும்பக் கூப்பிட வந்திருக்கிறான் என்று நினைத்து நாற்காலி துடைத்துப் போட்டேன். மடையன் நான்.

"நாளைக்கு நீ ஊர்லயே இருக்க வேணாம், தொரிபியோ. நெனைக்காம இருக்க உன்னால முடியாது. எங்கயாவது ரேடியோ இல்லாத இடத்துக்குப் போயிடு. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. அறுபத்தெட்டு வயது ஆளுக்கு. போகிறேன் என்றேன்.

டிசம்பர் 28, திங்கள்

அண்ணி அழைத்துப் போனார், பக்கத்து ஊர்ச் சபையில் முழுநாள் ஜெபக் கூட்டத்துக்கு. ரேடியோ இல்லை, ரம் இல்லை, சூதாட்டம் இல்லை. மத்தியானம் ஆட்டம் ஆரம்பிக்கிற நேரத்துக்குப் போதகர் எழுந்து நின்று லாசருவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் எதையும் நினைக்கக் கூடாது என்று லாசருவையே பிடித்துக்கொண்டேன். நாலு நாள் கல்லறையில் கிடந்தவன் வெளியே வந்ததும் முதலில் யார் ஜெயித்தார்கள் என்றுதான் கேட்டிருப்பான்.

சாயங்காலம் ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பிறகு ஒன்று. பிறகு ஒரு லாரி, யாரோ சட்டியைத் தட்டுகிற சத்தம். சபையில் ஒருவரும் திரும்பவில்லை. போதகர் மட்டும் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, "அல்லேலூயா" என்றார். லாசரு கதையில் அது அல்லேலூயாவுக்குப் பொருந்தாத இடம். பெண்கள் பக்கம் ஒருத்தி விசும்பினாள். அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். பைபிளுக்குள் முகத்தை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஜெயித்துவிட்டோம். அடுத்த சுற்று.

ஊர் திரும்பினால் தெருவெல்லாம் குதியாட்டம். சீக்ஸ்தோ என்னைக் கட்டிப் பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். "நீ போனதாலதான்டா! நீ போனதாலதான்!"

இனி எனக்கு விமோசனம் கிடையாது.

ஜனவரி 3, 1999

அடுத்த சுற்று தொடங்கிவிட்டது. ஆட்டமுள்ள நாளெல்லாம் கடையில் ஒரு தகர டப்பா வைத்து என் பஸ் காசை வசூல் செய்கிறார்கள். வண்டியில் ஏற்றிவிடவும் ஆள் வருகிறது. கடைசி நிறுத்தம் வரை போய், கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு, ஆட்டம் முடிகிற நேரத்துக்குத் திரும்ப வேண்டும்.

இன்று ஓட்டுநர் என்னை ஏற்ற மாட்டேன் என்றுவிட்டான்.

"நீங்கதானே அந்த தொரிபியோ? மன்னிச்சுக்குங்க பெரியவரே. என் வண்டியில ரேடியோ இருக்கு."

சீக்ஸ்தோ அவனோடு சண்டை போட்டான். எனக்காக இல்லை. ஆட்டம் ஆரம்பித்துவிடும் என்று. கடைசியில் ஓட்டுநர் ரேடியோவை அணைக்கச் சம்மதித்தான். வண்டியிலிருந்த அத்தனை பேரும் வழி முழுக்க என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்கள்.

ஜெயித்தோம். வேறென்ன.

ஜனவரி 6

மூன்று ராஜாக்கள் திருநாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏதோ பரிசு கிடைத்தது. எனக்கு பஸ்.

ஜனவரி 10, ஞாயிறு

எப்படிச் சொல்வது?

சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கினேன். தெருவில் சத்தமே இல்லை. தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன். என் மனதுக்குள், பொய் சொல்ல மாட்டேன், ஒரு சின்னச் சந்தோஷம். நான் இல்லாமலும் தோற்கிறார்கள், பார்த்துக்கொள்ளட்டும்.

மாதா கோயில் மூலையில் எவாரிஸ்தோவின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். எனக்காகத்தான். "கடைக்கு வாங்க" என்றாள்.

"வரலாமா?"

"ஐயோ, வாங்க."

ஏழாவது இன்னிங்ஸில் எங்கள் ஆள் அடித்த பந்து வேலியைத் தாண்டியதாம். சீக்ஸ்தோ குதித்து எழுந்து கையைத் தூக்கினான். பிறகு உட்கார்ந்தான். சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தான் என்கிறார்கள். பிறகு எழுந்திருக்கவே இல்லை. அவ்வளவுதான்.

எவாரிஸ்தோ ரேடியோவை அணைத்துவிட்டான். ஆட்டம் எப்படி முடிந்தது என்று ராத்திரி வரை தெருவில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை.

நான் அங்கே இல்லை. கடைசி நிறுத்தத்தில் உட்கார்ந்து, லாசருவை நினைக்க முயற்சி செய்துகொண்டிருந்தேன். கூட இருக்க வேண்டாம் என்று அனுப்பினானே, பாவி. பாவி. என்னை ஏன்டா அனுப்பின?

ஜனவரி 11

புதைத்தோம். ஜெயித்ததாக அவன் காதருகே சொன்னேன்.

ஜனவரி 13, புதன்

சீக்ஸ்தோ வீட்டில் ஒன்பது நாள் ஜெபம். இஞ்சிக் காபி கொடுத்தார்கள். ஒரு பையன் தன் நண்பனிடம் என்னைக் காட்டி, "இவரு தூரமா இருந்தும் ஆளு போயிட்டாரே" என்று கிசுகிசுத்தான். எவாரிஸ்தோ காதில் விழுந்துவிட்டது.

"தூரமா இருந்ததாலதான்டா போனான்! இவன் பக்கத்துல இருந்த முப்பத்து சொச்சம் வருஷமும் அந்தக் கடைல ஒருத்தனுக்கும் தலைவலிகூட வந்ததில்ல!"

பொய். அந்தக் கடையில் எத்தனை பேருக்கு எத்தனை வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் எல்லாரும் தலையாட்டினார்கள். அங்கேயே அப்போதே முடிவாகிவிட்டது. இனி ஆட்டம் நடக்கும்போது நான் கடையை விட்டு நகரவே கூடாது. கழிப்பறைக்குப் போனால்கூட ஒருவன் கூட வருவானாம்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேற்று வரை பீடை. இன்றைக்குத் தாயத்து. இரண்டு தடவையும் என்னை யாரும் கேட்கவில்லை. நான் ஆட்டம் கேட்க வருகிற ஒரு கிழவன், அவ்வளவுதான். அதை மட்டும் நம்ப ஒருவரும் தயாராக இல்லை.

ஜனவரி 17

ஒன்று ஜெயித்தோம், ஒன்று தோற்றோம். நான் இரண்டுக்கும் இருந்தேன்.

ஜனவரி 20, புதன்

இன்று ஜெயித்தால் இறுதிப் போட்டி. நான் என் நாற்காலியில். எனக்கு வலப்பக்கம் சீக்ஸ்தோவின் பெஞ்சு காலி. அதில் யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் ஆகாது என்றல்ல. அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

ஐந்தாவதில் கரண்டு போனது. பேட்டரி இருந்தது. ஒன்பதாவதில் இரண்டு பேர் அவுட், எங்களுக்கு ஒரு ஓட்டம் வேண்டும், மூன்றாவது பேஸில் ஆள் நிற்கிறான். மட்டைக்காரன் உயரே அடித்தான். ரேடியோக்காரன் குரலை உயர்த்தினான், பிறகு குரல் இறங்கியது. பிடித்துவிட்டார்கள்.

எல்லாரும் எழுந்து போனார்கள். நான் காத்திருந்தேன். இப்போது எவாரிஸ்தோ சொல்வான் என்று. நீ இருந்து தோற்றுவிட்டோம் என்பான், இல்லை, நீ சரியாக உட்காரவில்லை என்பான். எதையாவது சொல்லட்டும், நானும் பதிலுக்குக் கத்துவேன் என்று தொண்டையைத் தயார் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் ரேடியோவின் மேல் துணியைப் போர்த்தினான்.

"நாளைக்கு வருவியா?"

"நாளைக்கு ஆட்டம் ஏதுடா? நம்ம சீசன் முடிஞ்சாச்சு."

"ஆட்டம் இல்லாட்டி என்ன. வா."

சீக்ஸ்தோ இருந்திருந்தால் இந்நேரம் என்னைத் தெருவுக்குத் துரத்தியிருப்பான்.

அறுபத்து நாலில் கோப்பை வாங்கினபோது அந்த ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைச் சொல்கிறேன், எழுதுங்கள் அண்ணி. நெமேசியோ, கள்ளத்தோணியில் போர்ட்டோ ரிக்கோவுக்குப் போனவன், போய்ச் சேரவில்லை. ப்ருதென்சியோ, நியூயார்க்கில் பனிக்காலத்தில் செத்தவன். மாமெர்த்தோ, ஆலையில் கரும்பு வண்டிக்கு அடியில். என் அண்ணன் ஹஸிந்தோ. (அண்ணி கொஞ்சம் நிறுத்திவிட்டு எழுதினார்.) சீக்ஸ்தோ. என்னை விட்டால் இன்னும் உயிரோடு இருப்பது எவாரிஸ்தோ.