கடைசி நிறுத்தத்துக்கு மேலே

பிப்ரவரி 27

இன்று மறுபடியும் பஸ் ஆபீஸுக்குப் போனேன். வண்டியை எங்கள் மேட்டு உச்சி வரை விட வேண்டும் என்று கேட்க. தலைவர் உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார், மிட்டாய் கூடக் கொடுத்தார். மரியாதையான மனுஷர். கேட்டதைத் தவிர எல்லாம் கொடுப்பார்.

"செவல்மா, அந்த மேட்டுல எங்க கணக்குப்படி ஆளே இல்லையேம்மா. யாருக்கு பஸ் விடறது?"

ஆளே இல்லையாம்! அடிவாரத்துக் கடை முன்னால்தான் நான் ஓட்டுகிற பஸ்ஸின் வழித்தடம் முடிகிறது. சாயங்காலம் அங்கே கதவைத் திறந்தால் திபுதிபுவென்று இறங்குகிறதே ஒரு கூட்டம், அது என்ன ஆவியா? குழந்தையை ஒரு கையில், மாவு மூட்டையை மறு கையில் பிடித்துக்கொண்டு, பனிக்கட்டியில் வழுக்கி வழுக்கி ஏறுகிறார்கள். வேலை முடிந்தால் நானும் அப்படித்தான் ஏறுகிறேன்.

கோளாறு எங்கே என்று எனக்கும் தெரியும். மேட்டுக்காரர்கள் வந்து வருஷக்கணக்காகியும் குடியிருப்புப் பதிவை மாற்றவில்லை. ஆள் இங்கே தலைநகர் உலான்பாத்தரில், பெயர் இன்னும் சொந்த ஊரான சாவ்கான் மாகாணத்தில். தலைவர் கடைசியாகச் சொன்னார்: "அக்டோபர்ல வழித்தடம் எல்லாம் திருத்துவோம். அதுக்குள்ள பதிவு மாத்தச் சொல்லு. பாக்கலாம்."

மாற்ற வைக்கிறேன்.

மார்ச் 3

வண்டியில் ஏறுகிற மேட்டுக்காரர் ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டேன். தலையாட்டுகிறார்கள். ஆனால் பக்மா வாயை அடக்க முடியுமா? சந்தையில் இறைச்சிக் கொழுக்கட்டை விற்பவள். கூடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"எங்களுக்குச் சொல்றியே பொண்ணே, உன் வீட்டுக்காரர் பேரு எங்க இருக்கு? முதல்ல தம்தின் மாத்தட்டும். அப்புறம் நாங்க மாத்தறோம்."

பஸ்ஸே சிரித்தது. அடுத்த நிறுத்தத்தில் பிரேக்கைக் கொஞ்சம் பலமாகவே மிதித்தேன்.

சிரிப்பு ஒரு பக்கம். அவள் சொன்னது நிஜம். அந்த மேட்டில் பாதிக் கம்பளிக் கூடாரங்களுக்கு, கட்டும்போது நடுவில் நின்று உச்சி மர வளையத்தைத் தூக்கிப் பிடித்தது தம்தின்தான். அவர் அசைந்தால்தான் சாவ்கான்காரர்கள் அசைவார்கள்.

மார்ச் 4

தம்தினிடம் கேட்டேன். பதில் எனக்கே மனப்பாடம். "நாம பனிக்காலத்துக்கு வந்தவங்க. வசந்தம் வந்ததும் போயிடுவோம்."

எந்த வசந்தம்? மந்தை முழுக்கப் பனியில் விறைத்துச் செத்த வருஷம் வந்தோம். அப்போது ஒரு கூடாரமும் ஓர் அடுப்பும்தான். இப்போது வேலி இருக்கிறது, நாய் இருக்கிறது, கரண்ட் மீட்டர் இருக்கிறது. போவதற்கு ஓர் ஆடு இல்லை. இவருக்கு வேலையோ கிரேன் ஓட்டுவது. பகலெல்லாம் மாடி மேல் மாடியாக ஊரை எழுப்பிவிட்டு வந்து, இது நம்ம ஊர் இல்லை என்கிறார். என்ன சொல்ல?

ஏப்ரல் 19

காலை முதல் வண்டி. பாலத்தில் திரும்பும்போது ஊர் மொத்தமும் கண்ணாடி முன்னால் வரும். நடுவில் உயரக் கட்டடங்கள், சுற்றிலும் மேடுகள், மேடு முழுக்க வேலிகள். நான் ஸ்டியரிங் பிடிக்க ஆரம்பித்த காலத்தில் எங்கள் மேட்டில் கல்லும் காட்டுப்பூண்டும்தான் இருந்தன. யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. ஆடு மாடு செத்து வெறுங்கையோடு வந்தவர்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக, வெல்டராக, வாத்தியாராக நிற்கிறார்கள். அத்தனை பேரையும் தினம் வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறவள் நான்.

எனக்கு இந்த ஊர் மேல் பெருமைதான். குளிருக்கு எரிக்கிற கரிப் புகையோடு சேர்த்தே சொல்கிறேன்.

ஜூன் 11

பதிவு மாற்றியவர்களை ஒரு கை விரலில் அடக்கலாம். பக்மா இன்னும் இல்லை.

ஆகஸ்ட் 20

தம்தின் ஊருக்குக் கிளம்பினார், அண்ணன் வீட்டில் புல் அறுப்புக்கு. வந்த பிறகு முதல் தடவையாகப் போகிறார். புதுச் சட்டை, ஒரு பை நிறைய மிட்டாய். பயணம் நல்லபடி அமைய ஜீப் பின்னால் பால் தெளித்தேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! திரும்பி வராமலே இருந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவரிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 2

வந்துவிட்டார். வேலிக் கதவைத் திறந்ததும் எங்கள் நாய் பாய்ந்து, இரண்டு காலையும் நெஞ்சில் வைத்துப் புதுச் சட்டையைச் சேறாக்கியது. திட்டுவார் என்று நினைத்தேன். அப்படியே நின்றார். நாயின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

டீ உள்ளே போன பிறகுதான் பேச்சு வந்தது.

"அண்ணன் கூடாரத்துக்குப் போனேன். நாய் கடிக்க வந்துது. நான் வெளிய நின்னு 'நாயைப் பிடிங்க!'ன்னு கத்தினேன், செவல்மா."

வழிப்போக்கன் கத்துகிற வார்த்தை அது. யாருடைய கூடாரமானாலும் தூரத்தில் நின்று அப்படிக் குரல் கொடுத்துவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும். சொந்த வீட்டுக்கு எவன் கத்துவான்?

"உள்ள போனா அண்ணி மேற்குப் பக்கம் உக்காரச் சொன்னாங்க."

விருந்தாளிகள் உட்காரும் பக்கம்.

"எனக்குத்தான் முதல் டீ. 'உலான்பாத்தர்ல எல்லாரும் சுகமா?'ன்னு அண்ணன் கேட்டார். புல் அறுக்கப் போனா அரிவாளைக் கையில குடுக்க மாட்டேங்கறாங்க. 'நீங்க ஓய்வா இருங்க'ங்கறாங்க. நல்லாத்தான் கவனிச்சாங்க. ரொம்ப நல்லா…"

கேலி செய்ய எனக்கு எவ்வளவு இருந்தது! செய்யாமல் அவர் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன். பாவமாக இருந்தது. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

செப்டம்பர் 5

காலையில் பண்டிகை அங்கியைப் போட்டு, பட்டுக் கச்சை கட்டி, தொப்பி வைத்துக்கொண்டு கிளம்பினார். யாருக்குக் கல்யாணம் என்று கேட்க வாயெடுத்தேன். நல்லவேளை, கேட்கவில்லை. மத்தியானம் வந்தார்.

"மாத்தியாச்சு. டீ போடு."

கொஞ்ச நேரம் கழித்து: "ஆனா யார் கேட்டாலும் நான் சாவ்கான்காரன்னுதான் சொல்லுவேன்."

"சொல்லுங்க. யாரு வேணாம்னா?"

செப்டம்பர் 9

பதிவு ஆபீஸ் வாசலில் எங்கள் மேடே நிற்கிறது. பஸ்ஸை நிறுத்தி எட்டிப் பார்த்தேன். வரிசையில் முன்னால் பக்மா, கொழுக்கட்டைக் கூடையோடு. நிற்கிறவர்களுக்கே விற்றுக்கொண்டிருக்கிறாள். "என்ன முறைக்கறே? சொன்னபடி வந்துட்டேன்ல!" என்றாள்.

அக்டோபர் 14

தலைவரே போன் செய்தார். "என்னம்மா, ஒரே வருஷத்துல இத்தனை பேரு முளைச்சுட்டாங்க?" முளைக்கவில்லை ஐயா, இருந்தார்கள். பஸ் வருகிறது! மேலே வருகிறது!

நவம்பர் 1

முதல் ஓட்டம். இரண்டாம் கியரிலேயே ஏற்றினேன். கடைசி வளைவில் சக்கரம் ஒரு சுற்று சும்மா சுழன்றது. என் உயிர் போய் வந்தது. அப்புறம் பிடித்துக்கொண்டது.

உச்சியில் எல்லோரும் நல்ல உடுப்பில் நின்றார்கள். பக்மா கிண்ணத்தோடு வந்து முன் சக்கரத்தில் பால் தெளித்தாள், தூரப் பயணம் போகிற குதிரைக்குத் தெளிக்கிற மாதிரி. கீழே போகும் வண்டியில் முதல் ஆளாகத் தம்தின் ஏறினார். என் பக்கம் பார்க்கவில்லை. பயணக் கார்டைத் தட்டிவிட்டு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கிரேன் மேலே உட்காரும்போது கூட அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருக்க மாட்டார்.

அழுதுவிட்டேன். கண்ணாடியில் பனியைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

நவம்பர் 23

மதியம் உச்சியில் வண்டியைத் திருப்பும்போது பார்த்தேன். நிறுத்தத்துக்கும் மேலே, வேலியே இல்லாத சரிவில், ஒரு லாரி. கம்பளிச் சுருள், மரச் சட்டங்கள், அடுப்பு, கைக்குழந்தையோடு ஓர் இளம் பெண். போன பனியில் மந்தை போய்விட்டதாம்.

இன்று தம்தினுக்கு விடுமுறை. வேலை முடிந்து நான் மேலே வந்தபோது அவர் அங்கே நடுவில் நின்று கூரை வளையத்தைத் தாங்கிப் பிடித்திருந்தார். புதிதாகக் கூடாரம் போடுகிறவர்களுக்குப் பக்கத்து வீட்டு டீதான் முதல் டீ. உப்புப் போட்டு, பால் ஊற்றி, கெட்டில் நிறையக் கொண்டுபோனேன்.

அந்தப் பையன், குழந்தையின் அப்பா, கிண்ணத்தை இரண்டு கையால் வாங்கிக்கொண்டு சொன்னான்: "இந்தப் பனிக்காலம் மட்டும்தான் அண்ணே. வசந்தம் வந்ததும் போயிடுவோம்."

நான் தம்தினைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் சிரித்துவிடுவேன்.

"ஆமா, ஆமா. போலாம்," என்றார் அவர். "டீ ஆறுது, குடிப்பா."

வீட்டுக்கு இறங்கி வரும்போது கெட்டிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சரிவைத் திரும்பிப் பார்த்தார். "கைக்குழந்தையோட இவ்வளவு தூரம் இறங்கி வரணும் அந்தப் பொண்ணு. தலைவர்கிட்ட எப்பப் போகப் போறே?"

செவ்வாய்க்கிழமை எனக்கு ஓய்வு. போகிறேன்.