ஏழாவது பங்குதாரர்

சென்னை, ஆகஸ்டு 1911

பிரியமுள்ள ஜெபகனிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். உன் இருமல் நின்றதா?

பேட்டை எண்ணெய் ஆலையை லிமிடெட் கம்பெனியாக்க முத்திரைக் காகிதம், அச்சுக்கூலி, வக்கீல் பீஸ், பதிவுக் கட்டணம் என்று கொண்டுவந்த பணமெல்லாம் கரைந்துவிட்டது. இனி வருஷந்தோறும் சர்க்காருக்குக் கணக்கு அனுப்பவும் செலவு உண்டாம். அதனால் ஓட்டலை விட்டுச் சபை விடுதிக்கு மாறிவிட்டேன். பாய் நல்ல பாய்தான், கவலைப்படாதே.

கூட வந்த பூதத்தான் அண்ணாச்சி, "இம்புட்டுச் செலவு எதுக்கு வே? பழையபடி கூட்டு யாவாரமாவே நடத்துவோம்" என்றார்.

"கூட்டு நொடிச்சுத்தான் எங்க மாமனார் வீடு ஏலத்துல போச்சு, அண்ணாச்சி. லிமிடெட்னா போட்ட பங்குதான் போவும். வீட்டை ஒருத்தரும் தொட முடியாது" என்றேன். அவர் கையெழுத்திட்டார்.

சட்டப்படி ஏழு பேர் வேண்டும். ஏழாமவர் பின்வாங்கிவிட்டதால், என் பங்கில் ஒன்றைக் கொடுத்து உன் பெயரைச் சேர்க்கச் சொன்னேன்.

"பொம்பளையாளா?" என்றார் அண்ணாச்சி.

"வீடு போன வலி அவளுக்குத்தான் தெரியும்" என்றேன்.

பருப்புப் பொடி கொஞ்சம் அனுப்பு. இங்கே சோறு இறங்கவில்லை.

பத்திரம் இத்துடன் இருக்கிறது. வாசித்துப் பார்த்து, மனம் ஒப்பினால் மட்டும் உபதேசியார் முன்னிலையில் கையெழுத்திடு. ஒப்பாவிட்டால் அப்படியே திருப்பி அனுப்பிவிடு. நான் ரயிலேறி வந்துவிடுவேன். எனக்கு அதுவும் சந்தோஷமே.

தபால்காரர் பையைக் கட்டுகிறார்.

உன்
சத்தியநேசன்