வேலம்பாசியின் மூச்சு

நாள் 41 — 06:10
நிலவுக் குகை நிலையம். பதிவு செய்பவர் ரெஜினா, தாவரப் பிரிவு. தொட்டி நீர் 24 டிகிரி. அதில் வளர்க்கும் நீர்ச்செடியான வேலம்பாசி நல்ல பச்சை. இலைகளிலிருந்து குமிழிகள் சீராக எழுகின்றன. ஆக்சிஜன் இருவருக்கும் போதும். இன்னொருவன் மின் பொறியாளர் இசக்கியப்பன். பேட்டரி அறையில் பாடிக்கொண்டிருக்கிறான்.

நாள் 41 — 15:32
தரை அதிர்ந்தது. குகை வாயைப் பாறை சரிந்து மூடிவிட்டது. பழைய பேட்டரி அடுக்கு வெடித்துத் தீப்பிடித்தது. இசக்கி அணைத்துவிட்டான். முகமூடி மாட்ட நேரமில்லை; காட்மிய நச்சுப் புகையை நெஞ்சு நிறைய இழுத்துவிட்டான். பேட்டரியின் கசிவு தொட்டிக்குள்ளும் இறங்கியிருக்கிறது.

மேலே சுற்றும் கலத்திலிருந்து எங்கள் தலைவர் வனமாலி, வானொலியில்: "இறங்கி வந்து பாறையைக் குடைய ஆறு நாள் ஆகும். அதுவரைக்கும் காத்தைப் பாத்துக்குங்க."

நாள் 43 — 08:05
இலைகள் மஞ்சளாகின்றன. குமிழிகள் பாதியாகிவிட்டன. வேலம்பாசி தனக்குள் கந்தகம் கலந்த சிறு சங்கிலிகளைச் செய்து காட்மியத்தைக் கட்டிப்போடும். அதற்கான சரக்கு இப்போது தீர்ந்துவிட்டது.

அந்தச் சரக்கு மருந்துப் பெட்டியில் இருக்கிறது. கந்தகம் உள்ள அசிட்டைல் சிஸ்டீன் மாத்திரை, ஒரே பெட்டி. தொட்டிக்கு ஏறக்குறைய முழுப் பெட்டியும் வேண்டும். இசக்கியின் நுரையீரலுக்கு என்னிடம் இருக்கும் மருந்தும் அது ஒன்றுதான்.

அவனிடம் சொன்னேன்.

"எக்கா, இதுல யோசிக்க என்ன இருக்கு? பாசிக்குக் குடுங்க."

"வாயை மூடிட்டு மருந்தை நீ குடி" என்றேன்.

நாள் 43 — 09:40
அவனைத் தொட்டியோரம் படுக்க வைத்தேன். காற்று அங்கேதான் கொஞ்சம் பரவாயில்லை. மாத்திரையைக் கரைத்துக் கொடுத்து, அவன் குடிக்கும்வரை நின்றுவிட்டு வடிகட்டியைப் பார்க்கப் போகிறேன். இனி வேளாவேளைக்குக் கரைத்துக் கையில் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓட வேண்டும். பாசி பிழைக்குமா, தெரியாது.

நாள் 45 — 17:20
புதுக் குருத்து! நான்கு இடத்தில்! காட்மியம் இலைக்குள்ளேயே கட்டுண்டு கிடக்க, குமிழிகள் திரும்பிவிட்டன. தானாகவே தேறியிருக்கிறது. வனமாலியிடம் கத்திச் சொன்னேன். இசக்கியும் சிரித்தான், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. உதடு நீலம் பாரிக்கிறது. மருந்து ஏன் அவனிடம் வேலை செய்யவில்லை?

நாள் 46 — 11:15
சோதனைக்குத் தொட்டி நீர் எடுத்தேன். எலுமிச்சை வாசனை. மாத்திரையின் வாசனை.

"ஒரு கப் கூடக் குடிக்கலையா நீ?"

"முதல் வேளை குடிச்சேன். நீங்க பாத்துக்கிட்டு நின்னீங்கள்லா. மத்ததைத் தொட்டியில ஊத்திட்டேன்." வெகுநேரம் இருமினான். "கோவப்படாதீங்க எக்கா. அது செத்தா ரெண்டு பேரும் போயிருவோம் பாத்துக்கிடுங்க."

அவனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். பிறகு அந்தக் கையாலேயே நெற்றியைத் தடவினேன். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். காலி.

நாள் 47 — 07:30
இசக்கியின் மூச்சு நின்றுவிட்டது. நெஞ்சை அமுக்கினேன். மறுபடி அமுக்கினேன். கை விட்டுப்போகும்வரை. எலும்பு முறிந்த சத்தம் கேட்டும் நிறுத்தவில்லை.

தொட்டி பச்சையாக இருக்கிறது. பார்க்கப் பிடிக்கவில்லை. துணி போட்டு மூடப் போனேன். வெளிச்சம் இல்லாவிட்டால் அது செத்துவிடும். மூடவில்லை.

நாள் 47 — 13:02
துளைப்பான் சத்தம் கேட்கிறது. பாறைத்தூள் உதிர்கிறது.

வனமாலி: "ரெஜினா, வந்துட்டோம். ரெண்டு பேரும் உடுப்பை மாட்டிட்டுக் கதவுகிட்ட வாங்க."

நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

"ரெஜினா? இசக்கியைப் பேசச் சொல்லுங்க."

ஆக்சிஜன் அளவு: இருவருக்குப் போதும். வானொலிப் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறேன். இவ்வளவு காற்று இருக்கிறது, பேச அவன் இல்லை.