சாட்சி சொன்னதால் பறிபோன இரண்டு இடங்கள்

அனுப்புநர்
வேணி ஆசீர், பி.எஸ்சி.,
மேலூர் சாலை, ஸ்ரீரங்கம்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்
மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: ஆட்டிசம் உள்ள என் மகன் ஜெபின் (7), மகள் கெசியா (5) ஆகியோரைப் பகல்நேரப் பயிற்சி மையத்திலிருந்து நீக்கியதை ரத்து செய்து, மீண்டும் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த நள்ளிரவு நேரத்தில் மின்னஞ்சல் அனுப்புவதற்கு மன்னிக்கவும். பிள்ளைகள் இருவரும் ஒருசேரத் தூங்கும் நேரம் இதுதான். அதுவும் எப்போது கலையும் என்று தெரியாது.

1. என் கணவர் துவாக்குடியில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். பகல் முழுக்க இருவரையும் நான் ஒருத்திதான் பார்க்க வேண்டும். அந்த மையம் இருந்ததால்தான் சமாளித்தேன்.

2. மகளுக்கும் ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன பிறகு, நான் எதற்கு இருக்கிறேன் என்றே தெரியவில்லை ஐயா. எங்கள் சபையில்தான் ஒரு பிடி கிடைத்தது. இந்தப் பிள்ளைகளை வளர்க்கவே கர்த்தர் என்னை வைத்திருக்கிறார் என்று நம்பினேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னைப் போன்ற தாய்மார்களைக் கூட்டி வைத்து ஜெபிக்க ஆரம்பித்தேன். அதை நினைத்தே வாரம் ஓடியது.

3. சென்ற மாதம் ஜெபின் என் முந்தானையை இழுத்து, "தண்ணி" என்றான். அவன் பேசிய முதல் சொல். கர்த்தர் செய்த நன்மையைச் சபையார் முன் சாட்சியாகச் சொல்ல எழுந்தேன். கேட்டது கைக்கு வருமுன்பே கிடைத்துவிட்டது என்று நன்றி சொல்வது எங்கள் வழக்கம். பாஸ்டர் ஜோஸ், "தண்ணி கேட்டான்னு மட்டும் சொன்னா போதுமா சிஸ்டர்? விசுவாசத்தோட அறிக்கை பண்ணுங்க" என்றார். என் மகன் பூரண சுகமாகிவிட்டான் என்று மைக்கில் சொன்னேன். யாரோ வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். ஜெபின் அந்தச் சொல்லை அதற்குப் பிறகு சொல்லவே இல்லை.

4. அந்த வீடியோ, பயிற்சி மையத்தின் மேலாளர் திருமதி அறிவுமதி அவர்களுக்குப் போயிருக்கிறது. "நீங்களே மைக்கைப் புடிச்சு சுகமாயிடுச்சுங்கறீங்க. இடம் கேட்டு எத்தனை பேர் நிக்கிறாங்க தெரியுமாங்க?" என்றார். கெசியாவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லையே என்றேன். "அண்ணனுக்குக் கேட்ட சாமி தங்கச்சிக்குக் கேக்காதா?" என்று சிரித்தார். எந்த டாக்டரும் பார்க்காமலே இருவரையும் நீக்கிவிட்டார்கள்.

5. சுகமாகவில்லை என்று பாஸ்டரிடம் கடிதம் வாங்கி வந்தால் பார்க்கலாம் என்கிறார் மேலாளர். பாஸ்டரோ, "அப்படி எழுதுனா கர்த்தரை மறுதலிச்ச மாதிரி ஆயிடும் சிஸ்டர், காத்திருங்க" என்கிறார். மைய வேன் எங்கள் தெருவழியாகத்தான் போகிறது. ஜெபின் பையை மாட்டிக்கொண்டு கேட்டில் நிற்கிறான். வேன் நிற்காமல் போனதும் நெற்றியைக் கம்பியில் மோதிக்கொள்கிறான். நேற்று இரத்தம் வந்தது. அவனைப் பார்த்துக் கெசியாவும் மோதத் தொடங்கிவிட்டாள். தாய்மார்கள் கூட்டத்துக்கு நான் இப்போது போவதில்லை. "என்னன்னு ஜெபிச்சீங்கக்கா, எங்களுக்கும் சொல்லுங்க" என்கிறார்கள். என்னவென்று சொல்வேன்?

6. ஆகவே பாஸ்டர் தராத கடிதத்தை நானே தருகிறேன். என் மகன் ஜெபினுக்குச் சுகமாகவில்லை. என் மகள் கெசியாவுக்கும் சுகமாகவில்லை. ஜெபத்தில்கூட இதை நான் இப்படிச் சொன்னதில்லை. இனி ஆகும் என்ற நம்பிக்கையும் இன்று என்னிடம் இல்லை. நான் பேசியது தவறென்றால் நடவடிக்கையை என்மேல் எடுங்கள். அரசு மருத்துவர் ஒருவர் பிள்ளைகளை நேரில் பார்க்க ஏற்பாடு செய்து, இருவரையும் மீண்டும் சேர்க்க உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஓர் இடம்தான் இருக்கிறது என்றால், யாருக்கு என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள் ஐயா.

இரு பிள்ளைகளின் தாய்,
வேணி ஆசீர்

இடம்: ஸ்ரீரங்கம்
நாள்: 17.07.2025